மாசிலாமணி மேடு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா பைக்குள்ள இருந்து மூக்கை நீட்டுதே அந்தக் கத்தரிக்கோல், அதை மட்டும் அந்தப் பக்கமாத் திருப்பி வச்சிருங்க. இந்த டிரைவர் பிரேக் போடுற லட்சணத்துக்கு, அருப்புக்கோட்டை தாண்டுறதுக்குள்ள எனக்கு ஆபரேஷனே முடிஞ்சிரும்.

டெய்லரா? நல்லது. தூத்துக்குடியிலதான் கடையா? சரி சரி. நானும் கிட்டத்தட்ட உங்க வேலைதான். அளவு எடுக்கிறது. நீங்க ஆளை அளக்கிறீங்க, நான் நட்சத்திரத்தை அளக்கிறேன். அப்படிப் பாக்காதீங்க, மணி பத்துகூட ஆகல, நான் குடிக்கிற ஆளும் இல்ல. நெசமாத்தான் சொல்றேன். பெங்களூர்ல ஒரு விண்வெளி ஆராய்ச்சிக் கூடத்துல முப்பத்தோரு வருஷ சர்வீஸ். பேரு மாசிலாமணி. சொந்த ஊரு சாத்தூர் பக்கம், அது இருக்கட்டும்.

வானத்துல நம்ம டெலஸ்கோப் ஒண்ணு சுத்திக்கிட்டிருக்கு. மந்திரி வந்து அதுக்கு வாயில நுழையாத பேரு ஒண்ணு வச்சிட்டுப் போனாரு. நாங்க ஃப்ளாஸ்க்குன்னுதான் கூப்பிடுறது. ஏன்னா அது ஃப்ளாஸ்க்தான். உங்க வீட்டு ஃப்ளாஸ்க் சூட்டை வெளிய விடாது, இது சூட்டை உள்ள விடாது. உள்ள பூரா ஹீலியம், தண்ணியா, பயங்கரக் குளிர்ச்சியில. எதுக்கு அவ்வளவு குளிர்ச்சி? எங்க கருவி பாக்கிறது வெளிச்சத்தை இல்ல, சூட்டை. அகச்சிவப்பு. சூடா இருக்கிற எல்லாமே அந்தக் கண்ணுக்கு மினுக்கும். நீங்க மினுக்குவீங்க, நான் மினுக்குவேன், டிக்கெட் எடுக்காதவனைப் பாத்தா கண்டக்டர் கொஞ்சம் கூடவே மினுக்குவாரு. கருவியே சூடாயிருச்சுன்னு வைங்க, தன்னோட சூட்டையே பாத்துக்கிட்டு 'ஆகா, என்ன பிரகாசம்'னு உக்காந்திருக்கும். அப்படிப்பட்ட ஆளுங்க எங்க ஆபீஸ்ல நெறைய பேரு உண்டு.

கருவி பேரு ஸ்பெக்ட்ரோமீட்டர். வந்த சூட்டை வானவில் மாதிரி விரிச்சு, எந்த இடத்துல எவ்வளவுன்னு ஒரு கோடு போட்டுக் குடுக்கும். கோட்டுல மேடு இருந்தா அங்க ஏதோ வாயு மினுக்குது. பள்ளம் இருந்தா ஏதோ வாயு முழுங்குது. அவ்வளவுதான் விஞ்ஞானம், மிச்சமெல்லாம் மீட்டிங்.

இப்ப என் வேலைக்கு வாரேன். உங்க டேப்பு நடுவுல ஒரு இஞ்ச் அறுந்து போயி, யாரோ ஒட்டித் தச்சு வச்சிருக்காங்கன்னு வைங்க. உங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள்லருந்து வர்றவன் போறவன் எல்லாருக்கும் இடுப்பு ஒரு இஞ்ச் கூடக் காட்டும். தூத்துக்குடியே ஒரே ராத்திரியில தொந்தி போட்டுருச்சுன்னு நினைப்பீங்களா, டேப்பை எடுத்துப் பாப்பீங்களா? டேப்பைத்தானே. அப்படிப் பாக்கிறதுக்குப் பேருதான் கேலிபிரேஷன். அந்தப் பிரிவுக்குத் தலைவர் நான்.

எங்க டேப்பு ஒரு நட்சத்திரம். ஆரஞ்சு நிறம், ராட்சச சைஸு, ஆடாது அசையாது. முப்பது நட்சத்திரத்தைப் பாத்து, ஒவ்வொண்ணாக் கழிச்சுக் கட்டி, இவரைத் தேர்ந்தெடுத்தது நான். கமிட்டி ஒண்ணு இருந்துச்சு, அது டீ குடிச்சுது. இவரோட கோடு எப்படி இருக்கணும்னு கணக்குப் போட்டு வரைஞ்சதும் நான்தான். மேடு பள்ளம் இல்லாம, மழமழன்னு, ஷேவ் பண்ணின கன்னம் மாதிரி. திங்கக்கிழமை தவறாம ஃப்ளாஸ்க்கை அவரு பக்கம் திருப்பி முதல்ல அவரைப் பாப்போம். அவருக்குச் சரியா வந்தா மத்த நட்சத்திரம் எல்லாம் அவரை வச்சு அளக்கலாம். இதுதான் முறை.

ஏவி முடிஞ்சு முதல் திங்கக்கிழமை பாத்தா, அவரு கோட்டுல எட்டு மைக்ரான் அலைநீளம்கிற இடத்துல ஒரு சின்னப் பள்ளம். வேற எவனாவதா இருந்தா நட்சத்திரத்து மேல சந்தேகப்பட்டிருப்பான். நான் அனுபவஸ்தன் பாருங்க. ராக்கெட் குலுக்கின குலுக்குல கருவிதான் அந்த இடத்துல மந்தமாயிருச்சுன்னு ஒரே நாள்ல கண்டுபிடிச்சேன். ஏவுறதுக்கு முன்னாடி லேபுல கருப்படுப்புன்னு, எவ்வளவு சூடு விடும்னு சரியாத் தெரிஞ்ச அடுப்பு ஒண்ணை வச்சு மூணு மாசம் சோதிச்சோம், அப்ப எட்டுல ஒரு மந்தமும் இல்ல. இருக்கட்டுமே. அது தரையில. நான் ஒரு திருத்தம் போட்டேன். கருவி அந்த இடத்துல குறைச்சுக் காட்டுது, அதனால எதை அளந்தாலும் எட்டுல கொஞ்சம் தூக்கிக் குடுங்கப்பான்னு. பள்ளம் போச்சு. நட்சத்திரம் மழமழன்னு ஆயிட்டாரு.

ஒரு மாசம் கழிச்சு நடந்ததுதான் அதிசயம். வானத்துல எங்க திரும்பினாலும் எட்டுல ஒரு மேடு! சின்ன நட்சத்திரம், பெரிய நட்சத்திரம், கிழடு, குஞ்சு, எல்லாத்துலயும். புதுசா ஒரு வாயு, யாரும் இதுவரைக்கும் பாக்காதது, வானம் பூரா பரவிக் கிடக்கு. பழைய டைரக்டர் மைசூர்பாகு வரவழைச்சாரு. ஹைதராபாத்ல ஒரு மாநாட்டுல முக்கால் மணி நேரம் பேசினேன், எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. ஆபீஸ்ல அதுக்கு மாசிலாமணி மேடுன்னே பேரு வச்சாச்சு. இந்த ரோட்டுல இருக்கிற வேகத்தடைக்குக்கூட ஒரு பேரு கிடையாது, எனக்கு வானத்துல ஒரு மேடு. என் வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ அப்பளம் பொரிச்சுக்கிட்டே, "ஊரே மேடா இருக்கு, நீங்க மட்டும்தான் சமமா நிக்கிறீங்க போல"ன்னா. நல்ல வார்த்தைன்னு எடுத்துக்கிட்டேன்.

அப்பத்தான் வந்து சேர்ந்தா ஜெசிந்தா. உங்க ஊர்ப் பொண்ணுதான். பி.எச்.டி. முடிச்சு, ஒரு வருஷ ஒப்பந்தத்துல என் பிரிவுக்கு. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. ஒரு வேலையைக் குடுத்தா அதை முடிச்சு, பக்கத்து மேசைக்காரன் வேலையையும் முடிச்சு, அப்புறம் டீ கேக்கிற ரகம். ஆனா ஒரு குறை. சொன்னாக் கேக்க மாட்டா. என்கிட்ட வந்த பிள்ளைங்க எல்லாத்துக்கும் அந்தக் குறை உண்டு, எங்கதான் சொல்லிக் குடுக்கிறாங்களோ தெரியல.

வந்த மூணாவது வாரம், "சார், எல்லா நட்சத்திரத்துலயும் ஒரே உயரத்துல மேடு இருக்கே, சந்தேகமா இல்லையா?"ன்னா.

"ஏம்மா, எல்லா வீட்டுலயும்தான் உப்பு இருக்கு. அதுல என்ன சந்தேகம்?"ன்னேன்.

"எல்லா வீட்டுலயும் அதே அளவு உப்பா சார்?"

பாத்துக்கிடுங்க. வாய்.

ஒரு மாசம் பேசாம இருந்தா. சரி, அடங்கிட்டான்னு நினைச்சேன். ஒருநாள் சாயங்காலம் ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில வச்சா. அதே மேடு, என் மேடு, அழகா நிக்குது. "இது எந்த நட்சத்திரம்?"னு கேட்டேன். "நட்சத்திரம் இல்ல சார், கல்லு. சூரியனைச் சுத்துதுல்ல, சிறுகோள், அதுல ஒண்ணு. ஃப்ளாஸ்க் சும்மா இருந்த அரை மணி நேரத்துல கேட்டு வாங்கிப் பாத்தேன். மொட்டைக் கல்லு சார். காத்து கிடையாது, வாயு கிடையாது. உங்க வாயு இங்க எப்படி வந்துச்சு?"

நான் அசருற ஆளா? "கல்லுக்கு உள்ள இருந்து கசியலாம்"னேன்.

அவ என்னையே பாத்தா. கோவமாப் பாத்தாக்கூடப் பரவாயில்ல அண்ணாச்சி, பாவமாப் பாத்தா. எனக்கு அதுதான் பத்திக்கிட்டு வந்துச்சு.

அடுத்த வாரம் இன்னொரு படம். அதே மேடு. "இது என்ன, செங்கல்லா?"ன்னு கேட்டேன், கிண்டலாத்தான். "நம்ம விளக்கு சார்"ன்னா. ஃப்ளாஸ்க்குக்கு உள்ள சோதனைக்குன்னு ஒரு சின்னக் கம்பி விளக்கு வச்சு அனுப்பியிருக்கோம். பெங்களூர்ல, என் கண்ணு முன்னாடி மாட்டின விளக்கு, எட்டுல ஒரு மேடும் இல்லாத விளக்கு. அதுலயும் வானத்து வாயு மினுக்குது. "சார், மேடு வானத்துல இல்ல. நம்ம தரநட்சத்திரத்தைச் சுத்தி ஒரு வாயு இருந்து எட்டுல முழுங்குது, அந்தப் பள்ளம் நெசம். நாம அதைக் கருவியோட குறைன்னு நினைச்சு எல்லாத்தையும் தூக்கிட்டோம். அதான் எல்லாத்துலயும் மேடு"ன்னு மெதுவாச் சொன்னா, யாருக்கும் கேக்காத மாதிரி. கதவைச் சாத்திட்டுத்தான் சொன்னா.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, அந்தப் படத்தைக் கவுத்து வச்சிட்டேன். தேர்ந்தெடுத்த நாள்லருந்து பதினோரு வருஷம் அந்த நட்சத்திரத்தோட குடும்பம் நடத்தியிருக்கேன். கல்யாணம் காட்சிக்குக்கூட லீவு போடாம, திங்கக்கிழமை திங்கக்கிழமை முகத்தைப் பாத்திருக்கேன். எங்கிருந்தோ வந்த ஒரு பொண்ணு, ஒரு கல்லையும் ஒரு பல்பையும் வச்சுக்கிட்டு அவருக்குக் குறை சொல்லுது. "விளக்கு கெட்டுப் போயிருக்கும். போயி வேலையைப் பாரு"ன்னேன்.

டிசம்பர்ல ஒப்பந்தம் புதுப்பிக்கணும். பிரிவுத் தலைவர் ரகசியக் குறிப்பு எழுதிக் குடுக்கணும், அது விதி. நான் ஒண்ணும் பொய் எழுதல. திறமைசாலி, உழைப்பாளி, எல்லாம் எழுதினேன். கடைசியில ஒரே ஒரு வரி: 'மூத்தவர் வழிகாட்டுதலை ஏற்பதில்லை, தன் கருத்திலேயே பிடிவாதமாக நிற்கிறார்.' உள்ளதுதானே? அந்த வரிக்கு ஒப்பந்தம் போச்சு. அதுக்கு நான் என்ன செய்ய? கடைசி நாள் வந்து ஒரு ஃபைலை என் மேசையில வச்சா. "இது உங்களுக்குத் தேவைப்படும் சார்"ன்னா. மேல என் பேரு, அழகான கையெழுத்துல. நான் அதைப் பிரிக்கல. அலமாரியில வச்சேன்.

ஜனவரியில பழைய டைரக்டர் ஓய்வு. புது டைரக்டர் வந்தாரு, ரங்கமன்னார்னு, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். சிரிக்கவே மாட்டாரு, ஃபைல் படிக்கிற ஆளு. டைரக்டர்ங்க ஃபைல் படிக்க ஆரம்பிச்சா நாடு என்ன ஆகும்? என் அலமாரியையும் விடல. ஒரு வாரம் கழிச்சு என்னைக் கூப்பிட்டாரு.

"மாசிலாமணி, இந்தப் பொண்ணு சொல்றது சரி. வேற நாலு நட்சத்திரத்தை வச்சுப் பாத்துட்டேன்"ன்னாரு.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

"ஹீலியம் இன்னும் முப்பத்தெட்டு நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள புதுசா அறுபது இடத்தை அளந்து திருத்தலேன்னா, ரெண்டு வருஷமா நாம எடுத்த ஆயிரத்து நானூறு அளவும் குப்பைக்குத்தான் போகணும். எதை, எப்ப, எந்த வரிசையில பாக்கணும்னு இந்த ஃபைல்ல பாதி இருக்கு. மீதி அந்தப் பொண்ணு தலையில இருக்கு. இன்னொரு ஆளுக்குச் சொல்லிக் குடுக்கவே ஆறு மாசம் ஆகும்."

"கூப்பிடுங்க சார், வந்துட்டுப் போறா"ன்னேன். பெருந்தன்மையாத்தான் சொன்னேன்.

"கூப்பிட்டேன். வர்றேங்குது. ஆனா நீங்க எழுதின அந்த வரியைத் திரும்ப வாங்கணுமாம். ஏன் வாங்குறீங்கன்னும் எழுதணுமாம். அந்த வரி ஃபைல்ல கிடக்கிற வரைக்கும் எந்த அரசாங்க லேபும் அந்தப் பொண்ணை வாசப்படி ஏத்தாது. ரெண்டு இடத்துல கேட்டு ரெண்டும் இல்லேன்னு ஆயிருச்சாம். ஊர்ல பேக்கரி மாடியில பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குதாம்."

சொல்லிட்டு, மேசை டிராயரைத் திறந்து அஞ்சு தாளை எடுத்து வரிசையாப் பரப்பினாரு. எல்லாம் நான் எழுதின குறிப்புங்க. பன்னெண்டு வருஷத்துல என்கிட்ட வேலை பாத்துட்டுப் போன அஞ்சு பேரு. அஞ்சுலயும் கடைசி வரியை மட்டும் பென்சிலால கோடு போட்டு வச்சிருந்தாரு. அஞ்சும் ஒரே வரி. 'வழிகாட்டுதலை ஏற்பதில்லை, பிடிவாதமாக நிற்கிறார்.' வார்த்தை மாறாம.

என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்குன்னா சந்தோஷம். "பாத்தீங்களா சார், இந்தத் தலைமுறையே இப்படித்தான். ஒருத்தராவது சொன்னாக் கேக்கிறாங்களா?"ன்னேன். ஆதாரத்தோட நிரூபிச்சாச்சு இல்லையா?

அவரு கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சாரு. "நீங்க எத்தனை வருஷமா கேலிபிரேஷன்ல இருக்கீங்க?"ன்னு கேட்டாரு. இருபத்தாறுன்னேன். "அப்படியா"ன்னாரு. அப்புறம் லெட்டர் பேடுல ஒரு வெத்துத் தாளைக் கிழிச்சு என் கையில குடுத்து, "தூத்துக்குடிக்குப் போங்க. என்ன எழுதணும்னு உங்களுக்கே தெரியும்"னாரு. மனுஷன் பேசுறதே விடுகதை மாதிரி.

அந்தத் தாளு இந்தா, சட்டைப்பையிலதான் இருக்கு. ஒண்ணும் எழுதல. எதுக்கு எழுதணும்? நான் வேற ஒரு முடிவு பண்ணியிருக்கேன். நேரா அவ வீட்டுக்குப் போறேன். பாதாம் பர்ஃபி ஒரு கிலோ வாங்கியிருக்கேன், மேல தட்டுல இருக்கு பாருங்க. "அம்மா ஜெசிந்தா, நடந்தது நடந்து போச்சு, நான் உன்னை மன்னிச்சிட்டேன், கிளம்பு"ன்னு சொல்லப் போறேன். அறுபது வயசு ஆகப்போற மனுஷன் ராத்திரி ரயிலு, காலையில பஸ்ஸுன்னு இடுப்பு ஒடிய வந்து நின்னா, எந்தப் பொண்ணும் மாட்டேன்னு சொல்லுமா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு இதுல சம்பந்தமே இல்ல, நடுநிலையான ஆளு நீங்க. நான் செய்யப்போறது சரியா, இல்லையா?

என்ன?

திரும்பச் சொல்லுங்க, அந்த லாரிக்காரன் ஹாரன்ல காது அடைச்சுப் போச்சு.

எழுதிக் குடுத்துரணுமா?

நல்லா இருக்கே. நீங்களுமா? ரெண்டு மணி நேரமா தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லிக்கிட்டு வர்றேன், கேட்டுட்டு நீங்களும் அதையே சொல்றீங்க. நான் சொல்றதை அப்படியே ஏத்துக்கிற ஒரு ஆளை இந்த நாட்டுல பாக்கவே முடியாது போல. அந்த அஞ்சு பிள்ளைங்களும் அப்படி. என் வீட்டுக்காரி அப்படி, நேத்து ரயில் ஏத்திவிடும்போதுகூட "அந்தப் பிள்ளைகிட்ட தாளை நீட்டுங்க, உபதேசம் பண்ணாதீங்க"ன்னா. அந்த ரங்கமன்னார் அப்படி. அவங்களையாவது விடுங்க, அவங்க என்னை வருஷக்கணக்காப் பாத்தவங்க, ஏதோ மனத்தாங்கல் இருக்கும். உங்களுக்கும் எனக்கும் என்ன இருக்கு? இன்னிக்குக் காலையிலதான் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். எட்டாவது ஆளு நீங்க. எட்டுப் பேருகிட்டயும் அதே குறை, அதே உயரத்துல...

எட்டுப் பேருகிட்டயும்.

ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பேசாம வாங்க.

தண்ணி இருக்கு, வேண்டாம். உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

இது எந்த ஊரு? எட்டயபுரமா? பஸ் எவ்வளவு நேரம் நிக்கும்? நீங்க இறங்கி டீ குடிச்சிட்டு வாங்க, எனக்கு வேண்டாம். போறதுக்கு முன்னாடி அந்தப் பேனாவைக் குடுத்துட்டுப் போங்க. அதுதான், உங்க சட்டைப்பையில இருக்கிறது. எழுதுமா?

...வந்துட்டீங்களா? உக்காருங்க. நாலு வரிதான். மூணை அடிச்சிட்டேன். முதல்ல 'மறுபரிசீலனைக்குப் பின்'னு ஆரம்பிச்சேன், அது ஆபீஸ் பாஷை, பாக்கவே எரிச்சலா இருந்துச்சு. அப்புறம் 'ராக்கெட்டின் அதிர்வு காரணமாக'ன்னு எழுதினேன். ஏன் சிரிக்கிறீங்க? கை பழக்கம் அண்ணாச்சி, என்ன பண்றது. மூணாவது வரி அந்தப் பிடிவாதத்தைப் பத்தி. அது யாருதுன்னு எழுதினேன், எழுதிட்டு வெக்கமா இருந்துச்சு, அதையும் அடிச்சிட்டேன்.

மிச்சம் ஒரு வரி நிக்குது. படிக்கிறேன், சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. 'டாக்டர் ஜெசிந்தா சொன்னதுதான் சரி. தப்பு என் நட்சத்திரத்தில் இருந்தது, அது எனக்கு அந்தக் கல்லைப் பார்த்த அன்றே தெரியும்.'